அளக்காத எண்

(தசலட்சணப் பெருவிழாவில், உத்தம ஆர்ஜவ நாளன்று நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பத்து அறங்களுள் மூன்றாவதாகிய ஆர்ஜவத்தைப் போற்றும் நாள் இன்று. ஆர்ஜவம் என்பது வளைவின்மை. உள்ளம், உரை, செயல் ஆகிய மூன்றும் தனித்தனி வழியில் செல்லாமல் ஒரே நேர்கோட்டில் நிற்றலே அதன் பொருள். இவ்வறத்தை விளக்கப் புராணங்களில் கதைகள் பல உண்டு. இன்றைய நாளுக்கு, கனடா நாட்டில் கட்டடப் பொறியியல் பயின்ற நம் சமுதாய மாணவி ஒருவரின் பட்டறிவு எடுத்துக்காட்டாக அமைகிறது. அவர் பெயரும், பயின்ற பல்கலைக்கழகத்தின் பெயரும் இங்கு வேண்டா. நிகழ்ந்தவை மட்டும் போதும்.

அம்மாணவியின் பாட்டனார் வந்தவாசி வட்டாரத்து உழவர். தந்தை வளைகுடா நாட்டில் பல்லாண்டு உழைத்தவர். அந்தச் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்ந்தே மகளைக் கடல் கடந்து அனுப்பின. அங்கே வெளிநாட்டு மாணவர் செலுத்தும் கட்டணம் உள்நாட்டு மாணவர் செலுத்துவதைப்போலப் பல மடங்கு ஆகும். ஆகவே ஒரு பாடத்தில் தவறினாலும் அதனை மீண்டும் பயிலும் செலவு, ஊரில் ஒரு குடும்பம் ஓராண்டு உண்ணும் செலவுக்கு நிகராகிவிடும். மதிப்பெண் என்பது அவருக்கு வெறும் பெருமை அன்று. தந்தையின் வியர்வைக்குக் கணக்கு.

புறப்படும் நாளில் வீட்டார் கேட்ட கேள்வி, நம் இல்லங்கள் எல்லாவற்றிலும் கேட்கப்படும் கேள்விதான். "உணவுக்கு என்ன செய்வாய்? விரதம் காக்க முடியுமா?"

கனடாவில் கல்வியாண்டு செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்குகிறது. நம் தசலட்சண விழாவும் பெரும்பாலும் அந்நாள்களை ஒட்டியே வருகிறது. எனவே அவருடைய முதல் வாரமே சோதனை வாரமாயிற்று. கடைப்பொருள்களின் உறைமேல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சிட்டிருந்த உட்பொருள் பட்டியலைப் படிக்கக் கற்றார். மிட்டாயிலும் தயிரிலும் ஜெலட்டின் இருக்கக்கூடும். அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. பாலாடைக் கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்ந்திருக்கக்கூடும். உருளைக்கிழங்கு வறுவலின் மேல் ஊற்றும் குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாற்றால் ஆனது. இவற்றை அறிந்து விலக்கினார். கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் நீக்கும் மரபில் வந்தவருக்கு அந்நாட்டின் மேப்பிள் பாகு நல்ல துணையாயிற்று. பனிக்காலம் முடியும் வேளையில் மேப்பிள் மரத்தில் சிறு துளையிட்டு வடிக்கும் சாற்றைக் காய்ச்சினால் அப்பாகு கிடைக்கும். ஏறத்தாழ 40 லிட்டர் சாறு சுண்டினால் 1 லிட்டர் பாகு. மரமும் பட்டுப்போவதில்லை; அடுத்த ஆண்டும் சாறு தரும்.

உணவின் வகையைவிட உணவின் வேளையே பெருஞ்சிக்கலாக இருந்தது. ஒன்டாரியோ மாநிலத்தின் தென்பகுதியில் ஜூன் மாதம் கதிரவன் மறைய இரவு 9 மணி ஆகும். டிசம்பரிலோ மாலை 4.45 மணிக்கே மறைந்துவிடும். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை 1 மணி நேரம் பின்னோக்கித் திருப்பி வைப்பார்கள். அன்றுமுதல் மாலை திடீரென விரைந்து வரும். அவருடைய ஆய்வுக்கூட வகுப்போ பிற்பகல் 2.30 முதல் 5.30 வரை. ஆய்வுக்கூடத்துக்குள் உண்ணல் ஆகாது. வகுப்பு முடியும்போது இருள் சூழ்ந்திருக்கும்.

அவர் மனத்துக்குள் புழுங்கிக்கொண்டிராமல் ஆசிரியரை அணுகிக் கேட்டார். ஒன்டாரியோவின் மனித உரிமைச் சட்டம் சமய நம்பிக்கையையும் காக்கிறது. பல்கலைக்கழகங்களும் சமயக் கடைப்பிடிப்புக்கு இடமளிக்கும் நெறிமுறைகளை வைத்திருக்கின்றன. 4.15 மணிக்கு வெளியே சென்று உண்டு வர 10 நிமிடம் தரப்பட்டது. கேட்பதில் இழிவில்லை என்பது அவர் அங்குக் கற்ற முதற்பாடம்.

கனடாவின் பொறியியல் கல்வி விரிவுரையோடு முடிவதன்று. ஒவ்வொரு பாடத்துக்கும் தொடக்கத்திலேயே ஒரு திட்டக் குறிப்பு தரப்படுகிறது. எந்த வாரம் எந்தப் பகுதி, எந்தப் பணிக்கு எத்தனை விழுக்காடு, பிறர் எழுத்தைத் தன்னுடையதாகக் காட்டினால் என்ன தண்டனை என அனைத்தும் அதில் இருக்கும். பேராசிரியர் வாரத்தில் சில மணி நேரம் தம் அறைக் கதவைத் திறந்து வைத்து ஐயம் கேட்பவருக்காகக் காத்திருப்பார். பணிகளுள் பல, நால்வர் ஐவர் சேர்ந்து செய்யும் குழுப்பணிகள். ஒருவர் சோர்ந்தால் அனைவர் மதிப்பெண்ணும் குறையும். தனியாகப் படித்துத் தனியாக முதலிடம் பெற்றுப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது புதிது.

இரண்டாம் ஆண்டில், கட்டுமானப் பொருள்கள் பற்றிய பாடத்தில், அவர் குழுவுக்குக் கான்கிரீட் ஆய்வு தரப்பட்டது. குளிர் நாட்டுக் கான்கிரீட்டின் இயல்பை இங்குச் சிறிது விளக்குதல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தது அப்போதுதான் விளங்கும்.

தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். கான்கிரீட்டுக்குள் நுண்துளைகள் உண்டு. அவற்றில் நீர் தங்கும். கனடாவில் குளிர்காலம் முழுவதும் அந்நீர் உறைவதும் உருகுவதுமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் உள்ளிருந்து கான்கிரீட்டை நெம்பும். சாலைப் பனியை உருக்கத் தூவும் உப்பு இத்துன்பத்தை மேலும் மிகுவிக்கும். சில ஆண்டுகளில் மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். இதற்கு மாற்றாக, கலவையில் ஒரு சேர்மானத்தைச் சிறிதளவு கலந்து, கண்ணுக்குப் புலப்படாத காற்றுக் குமிழிகளைக் கோடிக்கணக்கில் உண்டாக்குகிறார்கள். உறையும் நீர் பெருகும்போது ஒதுங்க இடம் வேண்டும் அல்லவா? அக்குமிழிகளே அந்த இடம். வெளியில் பனியைத் தாங்கும் கான்கிரீட்டில் காற்றின் அளவு பொதுவாக 5 முதல் 8 விழுக்காடு வரை இருக்க வேண்டும். குறைந்தால் பனி தின்றுவிடும். மிகுந்தால் வலிமை குன்றும். 1 விழுக்காடு காற்று கூடினால் வலிமை ஏறத்தாழ 5 விழுக்காடு குறையும்.

ஆகவே கலவை ஈரமாக இருக்கும்போதே காற்றை அளந்துவிட வேண்டும். ஒரு தடித்த உலோகக் கலத்தில் கலவையை மூன்று அடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி, மேலே மட்டம் செய்து, மூடியை இறுக்கி, காற்றழுத்தம் தந்து, முள் காட்டும் எண்ணைக் குறிக்க வேண்டும். கான்கிரீட் இறுகிவிட்டாலோ, அதை அறுத்து, மெருகிட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் குமிழிகளைக் கணக்கிடுவதன்றி வேறு வழி அரிது.

நவம்பர் இறுதியில் ஒருநாள். குழு இரண்டு கலவைகளைச் செய்ய வேண்டும். காற்றை அளக்கும் பொறுப்பு அம்மாணவிக்கு. முதற்கலவையை முறைப்படி அளந்துவிட்டார். 4.15 ஆயிற்று. "இரண்டாவது கலவையையும் அளந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு உணவுக்கு வெளியே சென்றார். ஒருவர் செய்வார் என்று மற்றவர் எண்ணினார். மற்றவர் செய்வார் என்று இவர் எண்ணினார். அவர் திரும்பி வந்தபோது இரண்டாவது கலவை முழுவதும் உருளை அச்சுகளுக்குள் போய்விட்டது. கருவியோ கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அறிக்கை எழுதும் வேளை வந்தது. அட்டவணையில் ஒரு கட்டம் வெறுமையாக நின்றது. குழுவில் ஒரு மாணவர் சொன்னார்: "முதற்கலவை 6 காட்டியது. இரண்டாவதும் அதே சேர்மானம்தான். 6.2 என்று எழுதிவிடுவோம். யாருக்கும் ஐயம் வராது."

உண்மையில் யாருக்கும் ஐயம் வந்திராது. அந்த எண் பொருந்தக்கூடியதே. ஒருவேளை சரியாகவே இருந்திருக்கவும் கூடும். ஆனால் அளக்காத எண். அவர் உடன்படவில்லை. உடனே குழுவில் மனக்கசப்பு எழுந்தது. "நீ உணவுக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்த நிலையே வந்திராது. உன் விரதத்துக்காக எங்கள் மதிப்பெண் குறைய வேண்டுமா?" என்று அதே மாணவர் கேட்டார்.

அவையோரே, அக்கேள்வியின் கூர்மையை எண்ணிப் பாருங்கள். ஒரு விரதத்தைக் காக்கச் சென்ற இடத்தில் மற்றொரு விரதத்துக்குச் சோதனை வந்தது. பிறர்மீது பழி சுமத்தி அவர் தப்பியிருக்கலாம். "என் சமயத்தை இழித்துப் பேசுகிறாயா?" என்று சினந்தும் தப்பியிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. "அளக்கும் பொறுப்பு என்னுடையது. இன்னார் செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லி ஒப்படைக்காமல் சென்றது என் குறை. அறிக்கையிலும் அப்படியே எழுதுவேன். ஆனால் அளக்காததை அளந்ததாக எழுத என்னால் இயலாது" என்றார். அந்தக் கட்டத்தில் "அளக்கப்படவில்லை" என எழுதிக் காரணத்தையும் கீழே குறித்தார்கள். அப்பகுதிக்குரிய மதிப்பெண் கழிந்தது. பாராட்டு ஏதும் வரவில்லை. விடுதிக்குத் திரும்பிய அவர் அன்றிரவு நெடுநேரம் உறங்கவில்லை. ஊருக்குத் தொலைபேசியில் பேசியபோதும் இதைச் சொல்லவில்லை.

அடுத்த வாரமுதல், வெளியே செல்லுமுன் எந்தப் பணியை யார் செய்வது என்று ஒரு தாளில் எழுதிக் கருவியின் அருகில் ஒட்டிவிட்டுச் செல்வதை வழக்கமாக்கிக்கொண்டார். அந்த மாணவர் பல நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அடுத்த ஆய்வில், கலவை வெளிவந்ததும் காற்றளவுக் கருவியை முதலில் எடுத்தவர் அவரே.

இத்தனை சிறிய எண்ணுக்காக இத்தனை வருத்தமா என்று தோன்றலாம். அதற்கு விடை அந்நாட்டு வரலாற்றிலேயே உள்ளது. கனடாவில் பொறியியல் பயில்வோர் கேட்காமல் இருக்க முடியாத வரலாறு அது.

கியூபெக் நகருக்கு அருகே செயின்ட் லாரன்ஸ் ஆற்றின்மீது எஃகுப் பாலம் ஒன்று எழுப்பப்பட்டது. அதற்கு ஆலோசனைப் பொறியாளராக இருந்தவர் நியூயார்க்கின் புகழ்பெற்ற தியோடர் கூப்பர். பாலத்தின் நடுக் கண்ணின் நீளம் முதலில் 1600 அடி எனத் திட்டமிடப்பட்டது. பின்னர் 1800 அடியாக உயர்த்தப்பட்டது. நீளம் கூடினால் பாலத்தின் தன் எடையும் கூடும். ஆனால் முன்பு மதிப்பிட்ட எடையை முறைப்படி மீண்டும் கணக்கிடாமலே வேலை நடந்தது. உண்மையான எடை மிகுதி என்று தெரியவந்தபோது கட்டுமானம் நெடுந்தொலைவு முன்னேறிவிட்டது. அந்த மிகுதி தாங்கக்கூடியதே என்று கூப்பர் ஏற்றுக்கொண்டார். எஃகு எழும்பிய காலத்தில் அவர் ஒருமுறையும் ஆற்றங்கரைக்கு வந்து பார்க்கவில்லை.

1907 ஆகஸ்டில், பாலத்தின் அடிப்புறத்தில் அழுத்தம் தாங்கும் உறுப்புகள் வளையத் தொடங்கின. அங்கிருந்த இளம்பொறியாளர் நார்மன் மெக்லூர் அந்த வளைவை அளந்தார். அது நாளுக்கு நாள் பெருகுவதைக் கண்டு நியூயார்க்குக்கே நேரில் சென்று சொன்னார். மேலும் எடை ஏற்ற வேண்டா என்று கூப்பர் தந்தி அனுப்பினார். அத்தந்தி சென்றது பென்சில்வேனியாவிலிருந்த நிறுவனத்துக்கு. பாலத்தின்மேல் நின்ற தொழிலாளருக்கு அன்று. ஆகஸ்ட் 29 மாலை, வேலை முடியும் தறுவாயில், பாலம் சில நொடிகளில் நொறுங்கி ஆற்றில் வீழ்ந்தது. 75 பேர் மாண்டனர். அவர்களுள் 33 பேர் கானவாகே என்ற ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினர். உயரத்தில் நின்று எஃகு பூட்டுவதில் வல்லவர்கள். ஒரே ஊரில் ஒரே நாளில் அத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது. மீண்டும் கட்டியபோது, 1916-இல் நடுப்பகுதியைத் தூக்குகையில் அது ஆற்றில் வீழ்ந்து 13 பேர் இறந்தனர். 1917-இல்தான் பாலம் முடிந்தது. 549 மீட்டர் நடுக்கண்ணோடு, அவ்வகைப் பாலங்களுள் உலகிலேயே நீளமானதாக அது இன்றும் நிற்கிறது.

அங்கே எவரும் எவரையும் கொல்ல நினைக்கவில்லை. கையில் ஆயுதம் இல்லை. உள்ளத்தில் பகை இல்லை. சரிபார்க்காத ஓர் எண் மட்டுமே இருந்தது. இது கொலையா, விபத்தா?

நம் ஆகமம் இக்கேள்விக்கு நெடுங்காலத்துக்கு முன்பே விடை சொல்லியிருக்கிறது. உமாஸ்வாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், பிரமாதத்தோடு கூடிய மன, மொழி, மெய்ச் செயலால் உயிருக்கு ஊறு விளைவித்தலையே இம்சை என வரையறுக்கிறது. பிரமாதம் என்னும் சொல்லை இன்று நாம் "மிகச் சிறப்பு" என்ற பொருளில் வழங்குகிறோம். விருந்து பிரமாதம், கச்சேரி பிரமாதம் என்கிறோம். ஆகமத்தில் அதன் பொருள் கவனமின்மை, விழிப்பின்மை, சோர்வு என்பதாகும். கொல்லும் எண்ணம் இல்லை என்பதனால் மட்டும் இம்சையிலிருந்து நீங்கிவிட முடியாது. விழிப்பும் இருத்தல் வேண்டும். திருக்குறளில் பொச்சாவாமை என ஓர் அதிகாரமே அமைந்திருப்பதையும் இங்கு எண்ணுதல் தகும்.

இல்லறத்தாருக்கு இம்சையை நான்காகப் பகுத்துச் சொல்வர் நம் முன்னோர். வேண்டுமென்றே செய்வது சங்கல்பி. இல்லற வினைகளில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்தியோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவதை இல்லறத்தார் முற்றும் துறத்தல் வேண்டும். மற்றவற்றை முற்றும் துறத்தல் இயலாது. விழிப்போடு குறைத்தல் வேண்டும். உழவர் மண்ணைக் கிளறாமல் பயிரிட முடியாது. பொறியாளர் நிலத்தைத் தோண்டாமல் பாலம் கட்ட முடியாது. ஆனால் தோண்டுமுன் ஆராய்தலும், கட்டுமுன் கணக்கிடுதலும், கணக்கிட்டதைச் சரிபார்த்தலும் அவர் கையில் உள்ளன. நம் முனிவர்கள் அமருமுன் மயிற்பீலியால் இடத்தை மெல்லத் தடவி, உயிர் ஏதும் உண்டோ எனப் பார்த்து அமர்கிறார்கள். அம்மாணவியின் கையிலிருந்த காற்றளவுக் கருவியும் அவ்வகையில் ஒரு பீலியே.

பின்னர் அவர் படிப்பின் பகுதியாக, 4 மாதம் ஊதியத்தோடு பணிபுரியும் பருவம் வந்தது. கனடாவில் பல பல்கலைக்கழகங்கள் கல்வியையும் பணியையும் மாறி மாறி அமைத்துள்ளன; 1957-இல் தோன்றிய வாட்டர்லூ பல்கலைக்கழகம் தொடக்கமுதலே இம்முறையில் நடப்பது. அம்மாணவி பாலங்களை ஆய்வுசெய்யும் குழுவில் பணியமர்ந்தார். ஒன்டாரியோவில் பாலங்களை ஈராண்டுக்கு ஒருமுறை, உரிமம் பெற்ற பொறியாளரின் மேற்பார்வையில், ஆய்வுசெய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். சுத்தியலால் கான்கிரீட்டைத் தட்டிக்கொண்டே செல்வார்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளந்த இடம் பொத்தென்று ஒலிக்கும். அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வளைத்துக் குறித்துப் பரப்பை அளந்து எழுத வேண்டும். ஒருநாள் உறைபனிக் காற்றில், பாலத்தடியில் நின்று பொத்தென்ற ஒலியைக் கேட்டபோது, மேலே பள்ளிப்பேருந்து ஒன்று கடந்து சென்றது. ஆய்வுக்கூடத்தில் வெறுமையாக விட்ட கட்டம் எதற்காக என்பது அந்நொடியில் தமக்கு முழுமையாக விளங்கியது எனப் பின்னர் வீட்டாரிடம் சொன்னார். மதிப்பெண் கழிந்த செய்தியையும் அன்றுதான் சொன்னார். தந்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நல்லது அம்மா" என்றார்.

கனடாவில் பொறியியல் முடிக்கும் மாணவர்கள் ஓர் உறுதிமொழி ஏற்று, இரும்பு மோதிரம் ஒன்றை அணிவது வழக்கம். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சுரங்கவியல் பேராசிரியர் ஹால்ட்டெயின் 1922-இல் இக்கருத்தை முன்வைத்தார். உறுதிமொழி வாசகத்தை எழுதித் தந்தவர், பம்பாயில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். 1925-இல் மான்ட்ரியலில் முதன்முறையாக அம்மோதிரம் அணியப்பட்டது. இடிந்த கியூபெக் பாலத்தின் இரும்பால் செய்தது என்று பலர் சொல்வர், அது உண்மையன்று. தொழில் செய்யும் கையின் சுண்டுவிரலில் அதை அணிவர். வரைபடத்தில் கோடு இழுக்கும்போதும் கையொப்பம் இடும்போதும் அது தாளில் உரசும். உரசும்போதெல்லாம் ஏற்ற உறுதி நினைவுக்கு வரும். அதை அணிவதால் உரிமம் கிடைத்துவிடாது. ஒன்டாரியோவில் பட்டத்தோடு 4 ஆண்டுப் பணிப்பட்டறிவும், தொழிலறமும் சட்டமும் பற்றிய தேர்வும் முடித்த பிறகே உரிமம் பெற்ற பொறியாளர் என்னும் தகுதி வரும். மோதிரம் தகுதியின் அடையாளமன்று, கடமையின் அடையாளம்.

அம்மாணவி அதனை அணிந்தபோது, தமக்கு இது புதிதாகத் தோன்றவில்லை என்றாராம். சிறுமியாக இருந்தபோது ஜினாலயத்தில் பாட்டியாரோடு நின்று சிறு விரதங்களை ஏற்ற கை அது. அங்கே மோதிரம் இல்லை, நினைவு மட்டுமே. அணுவிரதம் என்றால் சிறுவிரதம். சிறிது என்பதால் எளிது என்று பொருளாகாது. அன்றாட வாழ்வின் சிறு கட்டங்களில் காக்க வேண்டுவது என்று அம்மாணவியின் வாழ்வு நமக்குக் காட்டுகிறது.

பெற்றோர்களே! வெளிநாடு செல்லும் பிள்ளைகளை "என்ன உண்டாய்?" எனக் கேளுங்கள், அது வேண்டிய கேள்வியே. அதனோடு, "இன்று எதை அளந்தாய்? எதைச் சரிபார்த்தாய்?" எனவும் கேளுங்கள். மதிப்பெண் குறைந்தது என்று பிள்ளை சொன்னால், ஏன் குறைந்தது என்பதைக் கேட்டு முடிக்கும்வரை முகம் சுளிக்காதீர்கள். உண்மை சொன்னால் வீட்டில் இடம் உண்டு என்று அறிந்த பிள்ளையே ஆய்வுக்கூடத்திலும் உண்மை எழுதும்.

இளைஞர்களே! மென்பொருள் எழுதினாலும், மருந்து கலந்தாலும், கணக்கு தணிக்கை செய்தாலும், உங்கள் பணியிலும் ஒரு வெறுமையான கட்டம் ஒருநாள் வரும். பொருத்தமான எண் ஒன்று நாவின் நுனியில் நிற்கும். பார்ப்பவர் எவரும் இரார். அந்நேரத்தில் உள்ளமும் உரையும் செயலும் ஒரே கோட்டில் நிற்பதே இன்று நாம் வணங்கும் உத்தம ஆர்ஜவம்.

அறம் வாழ்க! அருகன் திருவடி வாழ்க!